வீட்டிலேயே சமைக்கலாமே என்றவர்களுக்கு

சாம்பாரில் குடைமிளகாய் மிதந்தது. அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால் வாயெல்லாம் சர்க்கரை.

லண்டனின் தென்கோடியில், சட்டன் என்ற ஊரைத் தாண்டி, பேருந்து தன் கடைசி நிறுத்தத்தை நெருங்கும் இடத்தில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோய் அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட், கடைத்தெருவிலேயே மூன்று இந்திய உணவகங்கள் இருப்பதாக எங்கள் முகத்தைப் பார்த்துத் தனியாக எடுத்துச் சொல்லியிருந்தான். அதில் முதலாவதுக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் கணவரும் போயிருந்தோம்.

பரிமாறிய பையன் வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டான். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. லவ்லி. பதினோரு வருடமாக நானும் அதையே சொல்லி வந்தேன். கோணலாக வெட்டிய முடிக்குச் சொன்னேன். ஆறிப்போன சூப்புக்குச் சொன்னேன். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"நல்லா இல்லை. இது சாம்பார் இல்லை" என்றேன் ஆங்கிலத்தில்.

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். பையன் உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தான். வடஇந்தியக்காரர், மரியாதையான மனிதர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், இங்கே இதுவரை யாரும் குறை சொன்னதில்லை."

"அவங்களுக்குச் சாம்பார் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்படியானால் மேடம் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடலாமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வெளியே வந்து பாதித் தூரம் நடந்த பிறகு கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "அவர் சொன்னதுல என்ன தப்பு? நீ வைக்கிற சாம்பார் இதைவிட நல்லாத்தானே இருக்கும்?"

நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். பாராட்டு என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். பாவம், நான் ஏன் நின்றேன் என்று அவருக்குப் புரியவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. காலை ஏழரை மணியிலிருந்து, உடைந்த கையையும் இடுப்பையும் வைத்துக்கொண்டு வலியில் முனகுகிறவர்களை மேசையில் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் வாரத்தில் ஆறு நாள் சமைக்கிறேன். கணவர் பாத்திரம் தேய்ப்பார், ஒரே ஒரு மாதிரி ரசம் வைப்பார். ஏழாவது நாள் நான் உட்கார வேண்டும். வேறு யாரோ சமைத்த நல்ல சாப்பாட்டை யாரோ என் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். மதுரையில் என் அப்பா வாரத்துக்கு மூன்று நாள் வெளியில்தான் டிபன் சாப்பிடுவார். சால்னாவில் உப்பு குறைந்தால் மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்வார். வீட்டில் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை. அடுத்த நாள் அதே மாஸ்டர் அவருக்கு முதலில் இலை போடுவார்.

என்னிடம் எல்லோரும் சொன்னார்கள். போனில் மாமியார் சொன்னார். என் துறையில் வேலை செய்யும் மலையாளத்துப் பெண், அவளும் என்னைப்போல் களைத்துப் போகிறவள், அவளே சொன்னாள். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தோழி மட்டும் வேறொன்று சொன்னாள்: "பேசாம இங்க வந்துடு." லண்டனின் மறுகோடி அது. ஒரு நல்ல தோசைக்காக வீடு மாற வேண்டுமா? நான் மாற மாட்டேன். நான் இருக்கும் இடத்தில், நடந்து போகும் தூரத்தில், எனக்குச் சாப்பாடு கிடைத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தால் கிடைத்துவிடுமா என்று யாரும் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த தோர்ண்டன் ஹீத்துக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு பேருந்து மாறிப் போய், வயிறு நிறையச் சாப்பிட்டு, இரண்டு பேருந்து மாறித் திரும்பி வருவதற்குள் பாதிச் சனிக்கிழமை போய் மறுபடி பசித்தது. கடைத்தெருவின் மற்ற இரண்டு உணவகங்களிலும் சாப்பிட்டோம். ஒன்றில் தேங்காய்ச் சட்னிக்குள் உலர்ந்த திராட்சை கிடந்தது. வாரம் ஒரு நாள் கறி போடும் பப்புக்கும் போனேன். போன இடமெல்லாம், எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். நான் வாயைத் திறக்கும்போது கணவர் மெனு அட்டையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கப் பழகிக்கொண்டார்.

இப்படி மூன்று மாதம் போன பிறகு ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு நேரமே கிடைக்காத ஒரு ஷிப்ட் முடிந்து, நாலு மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கினேன். பசியில் கண் இருட்டியது. நிறுத்தத்துக்கு எதிரில், துணி வெளுக்கும் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில், ஒரு மீன் சிப்ஸ் கடை இருந்தது. எனக்கு அங்கே என்ன இருக்கப்போகிறது என்று அதுவரை உள்ளே போனதில்லை. அன்று போனேன்.

கடையை அப்போதுதான் திறந்திருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். சிப்ஸ் சொல்லிவிட்டு நின்றபோது, எண்ணெய் நாற்றத்துக்கும் வினிகர் நெடிக்கும் பின்னாலிருந்து இன்னொரு வாசம் வந்தது. வெந்தயமும் கறிவேப்பிலையும் சூடான எண்ணெயில் வெடிக்கிற வாசம். நான் நிமிர்ந்தேன். உடனே பின்பக்கம் எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குழாயை மூடியதுபோல் வாசம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண், அவருடைய மனைவி, பின்னாலிருந்து வந்தார். நான் தமிழிலேயே கேட்டேன்.

"உள்ள என்ன சமைக்கிறீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தமிழோ?"

"ஆமா. மதுரை."

"அது எங்கட சாப்பாடு, தங்கச்சி. கடை திறந்தாப் பிறகுதான் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு."

"எனக்குக் கொஞ்சம் தருவீங்களாக்கா? காசு குடுத்துத்தான் கேக்கிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் எண்ணெய்ச் சட்டியருகில் இருந்த அவர் கணவர் சொன்னார்: "நாங்கள் கறி விக்கிறதில்லை, தங்கச்சி. இது மீன் சிப்ஸ் கடை. கறி வாசம் வந்தா இஞ்சத்தைய ஆக்கள் வரமாட்டினம். அதுக்குத்தான் கதவைச் சாத்திப்போட்டுத் தாளிக்கிறது."

சிப்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை அதே நேரத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதில். அதற்கடுத்த வியாழனும் போனேன். அந்த அக்கா தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்கள் விடமாட்டியள் போல."

"விடமாட்டேன்."

"சரி, ஒரு பெட்டியில போட்டுத் தாறன். ஆனா ஒண்டு. எனக்குத் தெரிஞ்ச மாதிரித்தான் வைப்பன். உறைப்புக் கூட எண்டோ குறைய எண்டோ சொல்லப்படாது."

"நல்லா இல்லேன்னா சொல்லுவேன்."

"சொல்லுங்கோ. நான் கேக்கமாட்டன்."

சிப்ஸ் போடும் அட்டைப்பெட்டியில் சிவப்பரிசிச் சோறும், தேங்காய்ப்பாலில் வெந்த பருப்பும், கத்தரிக்காய்க் கறியும், மீன் குழம்பும் இருந்தன. மீன் வேறு எதுவுமில்லை, அந்தக் கடையில் மாவில் தோய்த்துப் பொரிக்கிற அதே காட் மீன்தான். பெரிய துண்டுகளாக வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் வாலும் வயிற்றுப் பகுதியும் புளியிலும் வறுத்த மிளகாய்த்தூளிலும் கொதித்து, உதிராமல் நின்றன. வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். மூக்கும் கண்ணும் ஒழுகின. மாடியில் கணினி முன் வேலையாக இருந்த கணவர் வாசம் பிடித்து இறங்கி வந்தபோது அவருக்கு ஒரு வாய்தான் மீதியிருந்தது. அதைக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. கொடுத்தேன்.

மறுவாரம் அந்த அக்காவிடம் போய், "இந்தப் பக்கத்துல நான் சாப்பிட்ட முதல் நல்ல இந்தியச் சாப்பாடு" என்றேன்.

"இது இந்தியச் சாப்பாடு இல்லை" என்றார் அவர். "யாழ்ப்பாணச் சாப்பாடு."

மூன்று மாதம் ஊரைக் கலக்கி, எல்லோரிடமும் எது சாம்பார் எது சாம்பார் இல்லை என்று சட்டம் பேசியவள் நான். என் முகத்தில் சூடு ஏறியது. தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் சொல்ல வந்ததை விடவில்லை.

"பருப்புல உப்புக் கொஞ்சம் கம்மி."

"ஓம்" என்றார். அடுத்த வாரமும் அதே உப்புத்தான் போட்டார்.

பிறகு நான் மலையாளத்துத் தோழியை அழைத்துப் போனேன். அவள் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு தமிழர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்தார். வியாழக்கிழமை என்றால் ஆறு பெட்டி என்று ஆனது. ஆனால் அவை கல்லாவுக்குக் கீழே, சிப்ஸ் பைகளுக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். வேறு வாடிக்கையாளர் யாரும் நின்றால், அவர் போகும்வரை எங்களைக் காத்திருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார்கள். கடத்தல் சரக்கு வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு வருவோம். பின்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அது எனக்கு உறுத்தியது. கேட்டபோது அந்த அக்கா சொன்னார், முன்பு ஜெர்மனியில் இருந்தார்களாம். மாடி வீடு. ஜன்னலைத் திறந்து சமைத்தால் பக்கத்து வீட்டுக்காரி கத்துவாளாம், மூடிச் சமைத்தால் வாசம் படிக்கட்டில் நிற்கிறது என்று கீழ்வீட்டுக்காரன் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை போனால், கல்லாவுக்குக் கீழே எதுவும் இல்லை.

"இனி இல்லை, தங்கச்சி. நிப்பாட்டியாச்சு" என்றார் கடைக்கார அண்ணா, என் முகத்தைப் பார்க்காமல்.

நடந்தது இதுதான். வாரம் தவறாமல் வரும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், போன வியாழன் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, இது இப்போது கறிக்கடை ஆகிவிட்டதா என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டிருக்கிறார். இந்த அண்ணா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மீனோடு தொட்டுக்கொள்ளும் மசித்த பட்டாணி ஒரு கிண்ணம் சும்மாவே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பட்டாணிதான் என் பொறுமையை மீறச் செய்தது.

"நீங்க எதுக்கண்ணா மன்னிப்புக் கேட்டீங்க? அவர் திங்கிற மீன்ல வெட்டுன துண்டுதானே அந்தக் குழம்புல இருக்கு? பொரிச்ச எண்ணெய் வாசம் இந்தத் தெரு முழுக்க அடிக்குது, அதுக்கு யாராவது என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்களா?"

"நீங்கள் சொல்லுவியள். கடை எங்கட, தங்கச்சி."

"அவர் எப்ப வருவார்னு சொல்லுங்க, நானே பேசுறேன்."

பின்கதவு திறந்தது. அந்த அக்கா கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"நீங்கள் எங்களுக்காகக் கதைக்க வேண்டாம்" என்றார் என்னிடம்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுரீரென்றது. ஒரு கணம் கழித்துத்தான் அதன் நியாயம் உறைத்தது. நான் பேசிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். மறுநாள் கடையைத் திறப்பவர்கள் அவர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா தன் கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்கோ. ஜெர்மனியில பன்னிரண்டு வருசம் ஜன்னலைப் பூட்டிப்போட்டுச் சமைச்சனான். இஞ்ச ஒன்பது வருசம் கதவைச் சாத்திப்போட்டுச் சமைக்கிறன். நான் என்ன களவோ செய்யிறன்?"

அந்த அண்ணா சட்டிக்குள் மீனைத் திருப்பிப் போட்டார். "சனம் வராட்டி என்ன செய்யிறது?"

"இண்டைக்கு உங்களோட சேர்த்து நாலு பேர் பெட்டி கேட்டு வந்தவை, தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடி கணவரிடம், "அவையும் சனம்தானே?" என்றார்.

இந்தப் பேச்சு முடிவதற்குள் கடைக்கதவு மணி அடித்தது. தொப்பியும் நீளக் கோட்டுமாக, மடித்த செய்தித்தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அந்த அண்ணாவின் முகம் போன போக்கிலேயே இவர்தான் அவர் என்று தெரிந்தது. வழக்கமானதைக் கொடு என்றார் பெரியவர். அண்ணா அவசரமாகக் காகிதத்தை விரித்தார்.

அக்கா உள்ளே போனார். பின்கதவை முழுக்கத் திறந்து, அது மூடாமலிருக்க ஒரு எண்ணெய் டின்னைக் காலால் தள்ளி முட்டுக்கொடுத்தார். அவர்களுடைய சாப்பாட்டுக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குத் தாளிப்பதற்கு இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றினார். கடுகு வெடித்தது, வெந்தயம் சிவந்தது, காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் விழுந்தன. புகை எழுந்து, திறந்த கதவு வழியாகக் கடைக்குள் வந்து, கண்ணாடி ஜன்னல்வரை போய் நின்றது. பெரியவர் தும்மினார். நானும் தும்மினேன். அண்ணாவும் தும்மினார்.

அக்கா வந்து கல்லாவில் இரண்டு கையையும் ஊன்றி நின்று, அவரிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "வியாழக்கிழமை இந்த வாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை இருக்காது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள்."

பெரியவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "நான் எப்போதும் வியாழக்கிழமைதான் வருவேன்."

"அப்படியென்றால் வியாழக்கிழமை வாசம் இருக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணா பொரிந்த மீனைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். பெரியவர் பொட்டலத்தை வாங்கி, நன்றி சொல்லி, மணி அடிக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார். பட்டாணி கேட்கவில்லை. யாரும் கொடுக்கவுமில்லை.

"நீ ஒருநாளைக்குக் கடையைப் பூட்ட வைக்கப்போறாய்" என்றார் அண்ணா. ஆனால் இழுப்பறையைத் திறந்து, ஒரு தடித்த மார்க்கர் பேனாவை எடுத்து மனைவியின் பக்கம் தள்ளியதும் அவர்தான்.

சிப்ஸ் பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அக்கா எழுதினார். மேலே ஆங்கிலத்தில், வியாழக்கிழமை சோறும் கறியும் என்று. கீழே தமிழில் அதையே. கம்ப்யூட்டரில் அழகாக அடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, இது காணும், இதுவே போதும் என்றுவிட்டார். இந்தியன் என்றோ, கறி ஹவுஸ் என்றோ எங்கும் எழுதவில்லை. ஜன்னலில் ஒட்டினார். அன்று என் பெட்டியை முதல்முறையாகப் பைக்குள் சுற்றாமல், மூடிமேல் கறிவேப்பிலை ஒட்டியபடி, கல்லாவின் மேல் வைத்தார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். வழக்கமாக வந்தவர்களில் சிலர் நின்றுபோனார்கள். அந்த அண்ணா பல வாரங்களுக்கு அவர்களை ஒவ்வொருவராக, என்ன வாங்குவார்கள் என்பதோடு சொல்லிப் பெருமூச்சு விட்டார். இணையத்தில் யாரோ கடையில் கறி நாற்றம் அடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதைக் கணவரை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டு, "எங்கட எண்ணெய் பழசு எண்டு எழுதேல்லைத்தானே? அப்ப சரி" என்றார். பெரியவர் இன்றும் வியாழக்கிழமை வருகிறார். மீனும் சிப்ஸும் வாங்குகிறார். ஒருநாளும் கறியைச் சுவைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னதில்லை, அக்காவும் சுவைத்துப் பாருங்கள் என்று சொன்னதில்லை. தும்முவார், மூக்கைத் துடைப்பார், போவார்.

வரிசை இப்போது துணி வெளுக்கும் கடை வாசல்வரை நிற்கிறது. மருத்துவமனை நர்ஸ்கள், பெட்ரோல் நிலையத்துத் தமிழர்கள், பக்கத்தில் வீடு கட்டும் போலந்துக்காரர்கள், ஆங்கிலத்திலேயே பேசி அக்காவை அன்ட்டி என்று கூப்பிடும் கல்லூரிப் பிள்ளைகள். நான் வியாழக்கிழமை சமைப்பதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் ஷிப்ட் முடியும் நேரத்தில் இடுப்பெலும்பு உடைந்த ஒரு பாட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவரை விட்டுவிட்டு வர முடியவில்லை. கடைக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி ஆகிவிட்டது. அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது, தங்கச்சி."

"எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாமேக்கா. முதமுதல்ல கேட்டவ நான்தானே?"

"வரிசையில நிண்ட ஆக்களுக்கு இல்லையெண்டு சொல்லிப்போட்டு, உங்களுக்கு ஒளிச்சு வைக்கோணுமோ? ஒளிக்கிற வேலையெல்லாம் விட்டாச்சு."

இன்றைக்கு என்ன கறி என்று மட்டும் கேட்டேன். மீன் சினையை மஞ்சளும் மிளகும் பிரட்டிப் பொரித்து, முருங்கைக்காயில் பால்கறி வைத்ததாக, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தார் என்பதோடு சொல்லி முடித்தார். வேண்டுமென்றேதான் அவ்வளவு விவரமாகச் சொன்னார்.

ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கி, நடந்துகொண்டே தின்றேன். ஏமாற்றமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. அவ்வளவு எரிச்சலிலும் வீடு வரும்வரை என்னையறியாமல் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். மாடியில் வேலையாக இருந்த கணவரிடம், அடுத்த வியாழக்கிழமை என்ன மீட்டிங் இருந்தாலும் சரி, மூன்றே முக்காலுக்குப் போய் எனக்காக வரிசையில் நிற்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தனக்கும் சேர்த்து இரண்டு பெட்டியா என்று கேட்டார்.

"மூணு" என்றேன்.